அகல அச்சு ட்ரெய்லரைத் திருப்பும் முறை

இரண்டு சக்கர அச்சுகளுக்கு நடுவே பத்தடி இடைவெளி உள்ள பழைய ட்ரெய்லரைப் பல ஆண்டுகள் இழுத்திருக்கிறேன். நேர்ச்சாலையில் அது தங்கம், திருப்பத்தில்தான் சோதிக்கும். வளைவை அகலமாக எடுங்கள். நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கை ஒடிக்காதீர்கள்; இணையாக நிற்கும் இரண்டு அச்சும் ஒருசேர உருண்டு திரும்ப முடியாது, டயர்கள் பக்கவாட்டில் இழுபடும். ஒருமுறை அவசரத்தில் ஒடித்துவிட்டேன். தார்மீது கறுப்பாக அரைவட்டம் தீற்றியிருந்தது. டயரின் ஓரம் இறகுபோல் சிலும்பியிருந்தது. தடவியபோது கை சுட்டது. இன்றும் அந்த டயரை நினைத்தால் மனம் வலிக்கிறது.

ஏர் சஸ்பென்ஷன், அதாவது அச்சுகளின் மேல் பாரத்தைத் தாங்கும் காற்றுப்பைகள் இருந்தால், குறுகிய இடத்தில் ஓர் அச்சின் பைகளில் உள்ள காற்றை இறக்கிவிட்டு ஊர்ந்து திரும்புங்கள். பாரம் முழுவதும் மற்ற அச்சில் விழுவதால் அப்படியே சாலையில் ஓட்டக் கூடாது. திரும்பியதும் பைகளில் காற்று மீண்டும் ஏறும்வரை பொறுத்திருங்கள். பிறகு இறங்கி டயர்களைப் பாருங்கள். பக்கச்சுவரில் வெட்டு தெரிந்தால் கிளம்பாதீர்கள்.