ஆமை ஏறும் கரையின் சூட்டைத் தணிப்பது எப்படி?

கடலாமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது. ஏறக்குறைய 29 பாகை செல்சியசில் இரண்டும் கலந்து பொரிக்கும். 31ஐத் தாண்டினால் அநேகமாக எல்லாம் பெண். 34, 35 என்று நீடித்தால் முட்டைக்குள்ளேயே செத்துவிடும். முல்லைத்தீவுப் பக்கம் உங்கள் கரையில் ஆமை ஏறுகிறதென்றால், இப்படித் தொடங்கலாம்.

1. முட்டையைத் தொடாதீர்கள். அது சட்டப்படி குற்றம். அதோடு, இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டோடு ஒட்டிவிடும்; அதன்பின் புரட்டினால் போச்சு. அலை எட்டும் இடத்தில் கூடு இருந்தால் உடனே வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

2. சூட்டை அளந்து பாருங்கள். மீன்தொட்டிக்கு விற்கிற, வயர் வைத்த வெப்பமானி போதும். கூடுகள் இல்லாத இடமாகப் பார்த்து, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி முனையைப் புதைத்து மூடுங்கள். முதல் நாள் அப்படியே விட்டுவிட்டு, அடுத்த நாளிலிருந்து தினமும் ஒரே நேரத்தில் பார்த்துக் கொப்பியில் எழுதுங்கள். மேல்மணலைத் தொட்டுப் பார்த்துச் சூட்டை ஊகிக்க வேண்டாம். கால் சுடும் மணலுக்கு அடியில் வேறு கதை.

3. அடம்பன் கொடி நடுங்கள். என்னைக் கேட்டால் முக்கிய வேலை இதுதான். 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்று சும்மாவா சொன்னார்கள்? மாரி அலை வந்து போகும் கோட்டுக்கு மேலே, முதல் மழையோடு, கை நீளத் துண்டுகளை இரண்டு மூன்று கணு மண்ணுக்குள் போகும்படி படுக்கவைத்து மூடுங்கள். மணல் மேட்டை அது பிடித்துக்கொள்ளும், மணலுக்கு நிழலும் தரும். கரை முழுக்கப் படரவிடாதீர்கள்: வேர் கூட்டுக்குள் இறங்கும், தாய் ஆமை தோண்டவும் வெறும் மணல் வேண்டும். இடையிடையே வெளி விடுங்கள்.

4. கொடி படரும் வரை நிழல் வேண்டுமென்றால், திணைக்களத்தின் அனுமதியோடு கம்பு நட்டுக் கிடுகு போடலாம். ஒரு பகுதிக்கு மட்டும் போதும். எல்லா இடமும் குளிர்ந்தால் எல்லாம் ஆணாகப் பொரிக்கும்.

5. கடல் ஏற ஏறக் கரையும் உள்ளே நகர இடம் வேண்டும். புதிய வாடியோ வேலியோ போடுவதானால் மணல் மேட்டுக்குப் பின்னால் போடுங்கள். கல் அடுக்கிய கரையில் ஆமை ஏறாது.

அப்புறம், கடலைப் பார்த்து எரியும் லைட்டை இரவில் அணைத்துவிடுங்கள், அறுந்த வலைத்துண்டுகளைப் பொறுக்கிவிடுங்கள். மாரி முடிந்ததும் அலைக்கோட்டை மறுபடி பார்த்து, அரித்துப்போன இடத்தில் கொடியைத் திரும்ப நடுங்கள்.