கணினியில் கிடக்கும் படமும் பாட்டும் டிவியில், போனில்: ஜெல்லிஃபின் வழி

ஹார்ட் டிஸ்கில் பல வருடம் சேர்த்த படங்கள், எம்பி3 பாட்டுகள், கல்யாண வீடியோக்கள் இருக்கும். டிவியில் பார்க்க ஒவ்வொரு தடவையும் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டிருக்கத் தேவையில்லை. கணினியில் ஒரு மீடியா சர்வரைப் போட்டுவிட்டால் வீட்டு வைஃபையில் இருக்கும் எந்தக் கருவியும் அதை எடுத்து ஓட்டும்.

நான் பரிந்துரைப்பது ஜெல்லிஃபின். எம்பி (Emby) என்ற மீடியா சர்வர் மென்பொருள் தன் மூல நிரலை மூடியபோது, 2018 டிசம்பரில் அதிலிருந்து பிரிந்து வந்த திறமூலத் திட்டம். கட்டணம் எதுவும் கிடையாது, எங்கேயும் போய்க் கணக்குத் தொடங்க வேண்டாம். இதே வேலையைச் செய்யும் ப்ளெக்ஸ் பார்க்க இன்னும் பளபளப்பாக இருக்கும். ஆனால் அதற்கு அவர்கள் தளத்தில் கணக்கு வேண்டும். வெளியூரிலிருந்து பார்ப்பதற்கு 2025 ஏப்ரல் முதல் கட்டணமும் உண்டு. நம் வீட்டுப் பொருள் நம் கையிலேயே இருப்பதுதான் எனக்குப் பிடிக்கும்.

1. நிறுவுதல்

ஜெல்லிஃபின் தளத்தில் விண்டோஸ் நிறுவியை இறக்கி, கேட்பதற்கெல்லாம் சரி சொல்லிக்கொண்டே போங்கள். பிரவுசரில் அமைப்புப் பக்கம் திறக்கும். பயனர் பெயர், கடவுச்சொல் கொடுங்கள்.

2. கோப்புறைகள்

ஒவ்வொரு படத்துக்கும் தனிக் கோப்புறை வையுங்கள். பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறியில் வெளியான வருடம் இருக்கட்டும். ஒரே தலைப்பில் இரண்டு மூன்று படம் வந்திருக்கும் நம் ஊரில், வருடம் இல்லாவிட்டால் போஸ்டர் மாறிப்போகும். கோப்புறைகளை ஜெல்லிஃபினில் சேர்க்கும்போது கல்யாண வீடியோவை மட்டும் 'மூவீஸ்' வகையில் சேர்க்காதீர்கள். அதற்கும் ஏதாவது ஒரு படத்தின் போஸ்டர் வந்து ஒட்டிக்கொள்ளும். 'ஹோம் வீடியோஸ்' என்று தனி வகை இருக்கிறது.

3. டிவியைத் தொடும் முன் போனில் சோதியுங்கள்

பெரும்பாலோர் மாட்டுவது இங்கேதான். நானும் இங்கேதான் நெடுநேரம் நின்றேன். கணினியில் எல்லாம் ஓடும், டிவி மட்டும் 'சர்வர் கிடைக்கவில்லை' என்றே சொல்லும். டிவி ரிமோட்டை வைத்துக்கொண்டு காரணம் தேடுவது பெரும்பாடு. போனின் பிரவுசரில் பார்த்தால் வேலை சுலபம்.

கணினியில் கமாண்ட் பிராம்ட் திறந்து 'ஐபிகான்ஃபிக்' (ipconfig) கட்டளையைக் கொடுங்கள். கணினியின் நெட்வொர்க் முகவரியான ஐபிவி4 (IPv4) முகவரி ஒன்றுக்கு மேல் தெரியலாம். கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டிருந்தால் 192.168.56.1 என்று ஒன்று நிற்கும்; அது நமக்கு வேண்டாம். எந்தப் பகுதியில் 'டீஃபால்ட் கேட்வே' வரி நிரம்பியிருக்கிறதோ, அங்கே இருப்பதுதான் சரியான முகவரி. அது 192.168.1.5 என்று வைத்துக்கொள்வோம். போனில் 192.168.1.5:8096 என்று அடியுங்கள். முன்னால் எச்டிடிபி போதும், எச்டிடிபிஎஸ் வேண்டாம்.

பக்கம் திறக்கவில்லையா? விண்டோஸ் அமைப்புகளில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், உங்கள் வைஃபையின் பண்புகளைத் திறந்து பாருங்கள். புதிதாக இணைத்த வைஃபையை விண்டோஸ் 11 'பப்ளிக்' என்றே குறித்துக்கொள்ளும். வெளி இணைப்புகளை வடிகட்டும் விண்டோஸ் ஃபயர்வாலில் ஜெல்லிஃபினுக்கு 'பிரைவேட்' அனுமதி மட்டும் இருந்தால், வெளியிலிருந்து வரும் கோரிக்கை வாசலிலேயே நின்றுவிடும். வீட்டு வைஃபையை 'பிரைவேட்' ஆக்குங்கள். ஃபயர்வாலை முழுக்க அணைத்துவிடச் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள். அது தேவையே இல்லை.

அப்படியும் வரவில்லை என்றால், போன் 'கெஸ்ட்' வைஃபையில் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் இருக்கும் கருவிகள் வீட்டின் மற்றக் கருவிகளைத் தொட முடியாதபடி ரௌட்டரே பிரித்து வைத்திருக்கும்.

போனில் திறந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ரௌட்டரில் அந்தக் கணினிக்கு அதே முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள், நாளைக்கு மாறாது.

4. டிவி

ஆண்ட்ராய்டு டிவி, ஃபயர் டிவி இரண்டிலும் ஜெல்லிஃபின் செயலி உண்டு. நிறுவி, அதே முகவரியைக் கொடுத்தால் போதும்.

படம் திக்கினால் முதலில் கணினியை ரௌட்டரோடு கேபிளில் இணையுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால், டிவிக்குப் புரியாத வடிவத்தில் கோப்பு இருக்கலாம், எச்.265 என்ற வீடியோ வடிவம் பல பழைய டிவிகளில் ஓடாது. அப்போது சர்வர் அதை உடனுக்குடன் மாற்றி அனுப்பும், கணினியின் விசிறி இரைச்சல் போடும். இன்டெல் சிப் என்றால் ஜெல்லிஃபின் டாஷ்போர்டின் டிரான்ஸ்கோடிங் பகுதியில், இந்த மாற்றும் வேலையைச் சிப்பிலேயே செய்யும் குயிக் சிங்க்கை இயக்குங்கள். ப்ளூரே கோப்புகளில் வரும் பட வடிவ சப்டைட்டிலைப் போட்டாலும் இதே சுமை ஏறலாம். எழுத்து வடிவ எஸ்ஆர்டி கோப்பு கிடைத்தால் அதையே வையுங்கள்.

பின்சேர்க்கை

செயலியே இல்லாத பழைய ஸ்மார்ட் டிவி பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். வீட்டு நெட்வொர்க்கில் இருக்கும் கருவிகள் படம், பாட்டைப் பகிர்ந்துகொள்ளும் டிஎல்என்ஏ (DLNA) வசதி அதற்குத்தான். ஜெல்லிஃபின் 10.9 பதிப்பிலிருந்து அது தனிச் செருகுநிரல் (பிளகின்) ஆகிவிட்டது. டாஷ்போர்டின் பிளகின் பட்டியலில் எடுத்து நிறுவி, சர்வரை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். டிவியின் 'சோர்ஸ்' பட்டியலில் கணினியின் பெயர் வரும்.

எக்ஸ்டர்னல் டிஸ்கைக் கழற்றி மாட்டியதும் படமெல்லாம் காணாமல் போனவர்கள் டிரைவ் எழுத்தைப் பாருங்கள். 'இ' ஆக இருந்தது 'எஃப்' ஆகியிருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பழைய எழுத்தையே திரும்பக் கொடுத்து, லைப்ரரியை ஸ்கேன் செய்தால் வந்துவிடும்.