சாட்சிக் கூண்டு ஏறப்போகும் உளவியலாளருக்கு

சப்பீனா (சாட்சி சொல்ல வரச்சொல்லும் நீதிமன்ற ஆணை) கைக்கு வந்ததும் வக்கீலைக் கூப்பிட்டு ஒன்றைக் கேளுங்கள்: என்னைச் சிகிச்சை கொடுத்தவராகக் கூப்பிடுகிறீர்களா, நிபுணராகக் கூப்பிடுகிறீர்களா? சிகிச்சை கொடுத்தவர் பார்த்ததை, கேட்டதை, எழுதிவைத்ததைச் சொன்னால் போதும். நிபுணர் கருத்துச் சொல்ல வேண்டும். மலேசியாவின் 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 45ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஒரே வழக்கில் ஒரே ஆள் இரண்டையும் செய்யக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். மாதக்கணக்கில் உங்கள் முன்னால் அழுது தேறிய ஒரு தாயைப் பற்றி, "பிள்ளை இவரிடம் இருக்கலாமா" என்ற கேள்விக்கு நடுநிலையாகப் பதில் சொல்ல உங்களால் முடியாது. முடியும் என்று நினைத்தாலும் எதிர்த்தரப்பு வக்கீல் விடமாட்டார்.

சுங்கை சிப்புட்டில் தொழில் செய்யும் எனக்கு இது இன்னும் கடினம். என் அப்பா பால்மரம் வெட்டிய (ரப்பர் பால் எடுத்த) தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். வழக்கு என்று ஆகிவிட்டால், பெரியம்மா முறையுள்ள யாராவது வீட்டுக்கே வந்துவிடுவார். "நம்ம புள்ளதானேம்மா, நல்லதா நாலு வார்த்தை சொல்லிடு" என்பார். அவரை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுங்கள், பிள்ளைகளை விசாரியுங்கள், வழக்கைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதீர்கள். சொந்தமோ, கோயில் கமிட்டிப் பழக்கமோ, எதுவாக இருந்தாலும் வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நெருக்கம் அதிகம் என்றால் ஈப்போவில் வேறொருவரிடம் அனுப்பிவிடுங்கள். சிவில் வழக்குகளுக்கான 2012 நீதிமன்ற விதிகளில் 40ஏ ஆணை இதைத் தெளிவாகவே சொல்கிறது: நிபுணரின் முதல் கடமை நீதிமன்றத்துக்கு. கூப்பிட்டவரும் பணம் கொடுத்தவரும் அதற்குப் பிறகுதான். கட்டணத்தை முன்கூட்டியே எழுத்தில் பேசி முடித்துவிடுங்கள். கேஸ் ஜெயித்தால் கூடக் கொடுக்கிறேன் என்று யார் சொன்னாலும் அந்த வேலையை விட்டுவிடுங்கள்.

தகுதிச் சான்றுகளைக் கையோடு கொண்டுபோங்கள். 2016ஆம் ஆண்டின் 774ஆவது சட்டமான துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டப்படி கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு, பட்டம், எத்தகைய நோயாளிகளைப் பார்த்திருக்கிறீர்கள் என்ற விவரம் எல்லாம் கேட்பார்கள். நீங்கள் மருத்துவர் இல்லை என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. மருத்துவப் பட்டம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உளவியலாளரின் கருத்தைத் தள்ளக் கூடாது என்று 1962இலேயே அமெரிக்காவில் ஜென்கின்ஸ் வழக்கில் வாஷிங்டன் டி.சி. மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

எது உங்கள் வேலை இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சித்த சுவாதீனம் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 342ஆவது பிரிவின்கீழ் அவரை மனநல மருத்துவமனைக்கு அனுப்பலாம். முதலில் ஒரு மாதம் வரை கண்காணிப்பு. அது போதாவிட்டால் நீட்டிக்கலாம். சான்று கொடுப்பவர் அந்த மருத்துவமனையின் இயக்குநர். எங்கள் பக்கத்தில் அது தஞ்சோங் ரம்புத்தான், ஊர்ப்பெயரைச் சொன்னாலே மனநல மருத்துவமனைதான் நினைவுக்கு வரும் என்பதால் குடும்பமே தலைகுனிந்துவிடும். இது தண்டனை இல்லை, பரிசோதனை என்று அவர்களுக்கு நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள். சொல்ல வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

இப்போது பரிசோதனை. பெரும்பாலான அறிக்கைகள் கெட்டுப்போவது இங்கேதான். வக்கீலும் கட்சிக்காரரும் பேசுவதைச் சாட்சியச் சட்டத்தின் 126ஆவது பிரிவு பாதுகாக்கிறது. நமக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால் ஆள் உட்கார்ந்ததும், "நீங்கள் சொல்வது கோர்ட்டுக்குப் போகலாம்" என்று அவருக்குப் புரியும் தமிழில் சொல்லி, புரிந்ததா என்று திருப்பிச் சொல்லவையுங்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்று பால்மரம் வெட்டப் போனவரிடம் ஆங்கிலத்தில் சொல்லறிவுச் சோதனை வைத்தால் மதிப்பெண் தரையைத் தொடும். அது அவருடைய அறிவை அளந்த எண் ஆகாது. எந்த மொழியில் சோதித்தீர்கள், ஒப்பிட்ட அளவுகோல் எந்த நாட்டு மக்களை வைத்து உருவானது, அதனால் முடிவை எவ்வளவு நம்பலாம், மூன்றையும் அறிக்கையில் எழுதுங்கள். நீங்கள் எழுதாவிட்டால் குறுக்கு விசாரணையில் வேறொருவர் சொல்வார்.

அடையாளம் தெரியாதபடி மாற்றி ஒன்று சொல்கிறேன். மாமியார் இறந்து சில வாரங்களே ஆன ஒரு பெண், ராத்திரியில் அத்தை வந்து வாசல்படியில் உட்கார்கிறார் என்றார். அறிக்கையைப் படித்த வக்கீல் இது மனப்பிரமைதானே என்று பிடித்துக்கொண்டார். துக்கத்தில் இருப்பவர்கள் இப்படிச் சொல்வது சாதாரணம், அந்தப் பெண் ஒருநாள்கூட வேலைக்குப் போகத் தவறவில்லை, சமையலும் பிள்ளைகளின் பள்ளியும் எப்போதும்போல நடந்தன என்று விளக்கினேன். நீதிபதி மாரியம்மன் திருவிழாவில் அருள் வந்து ஆடுவதைப் பார்த்து வளர்ந்தவராக இல்லாமல் இருக்கலாம். அதை விளக்குவது உங்கள் பொறுப்பு. மறுபக்கமும் உண்டு. காதில் குரல் கேட்கிறது என்ற பையனை மருத்துவரிடம் காட்டாமல் சாமியாடியிடமே கூட்டிப்போன குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். நம் வழக்கம் என்று சொல்லி நோயை மூடி மறைக்கவும் கூடாது.

பிள்ளைகளிடம் பேசும்போது கேள்விதான் எல்லாம். 1974இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் மாணவர்களுக்குக் கார் விபத்துக் குறும்படங்களைக் காட்டி வேகத்தைக் கேட்டார்கள். கார்கள் "மோதி நொறுங்கியபோது" என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40 மைலுக்கு மேல் என்றார்கள். "தொட்டபோது" என்று கேட்கப்பட்டவர்கள் 31.8 என்றார்கள். பெரியவர்களே இப்படியென்றால், "அப்பா உன்னை அடிப்பாரா?" என்று ஏழு வயதுப் பிள்ளையிடம் கேட்கலாமா? "அப்பா வீட்டில் இருக்கும்போது என்ன நடக்கும், சொல்லு" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். உங்கள் கேள்வியையும் அதன் பதிலையும் அப்படியே எழுதிவையுங்கள்.

அறிக்கையில் பார்த்தது ஒரு பகுதி, அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவு வேறு பகுதி. சோதனையை யார் செய்தார், எந்த ஆய்வுகளை நம்பினீர்கள், காரணம் என்ன என்பதெல்லாம் 40ஏ ஆணை எதிர்பார்ப்பவை. குற்றவியல் வழக்கானாலும் இப்படியே எழுதுங்கள்.

கூண்டில் ஏறியதும் கேள்வி கேட்பவரைப் பார்த்துக் கேளுங்கள், பதிலை நீதிபதியைப் பார்த்துச் சொல்லுங்கள். உயர் நீதிமன்ற நீதிபதியை யாங் ஆரிஃப் என்றும், மாஜிஸ்திரேட்டைத் துவான் அல்லது புவான் என்றும் அழையுங்கள். நடவடிக்கை மலாயில் நடக்கலாம், ஆகவே கலைச்சொற்களை முந்தின இரவே மலாயில் சொல்லிப் பழகுங்கள். குறிப்புகளைப் பார்க்க வேண்டுமென்றால் அனுமதி கேட்டுப் பாருங்கள். துறை நூல்களைப் பார்த்து நினைவைப் புதுப்பிக்கவும் நிபுணருக்குச் சாட்சியச் சட்டத்தின் 159ஆவது பிரிவு இடம் தருகிறது.

குறுக்கு விசாரணையில், "ஆமா இல்லையா, ஒரே வார்த்தையில்" என்று நெருக்குவார்கள். ஒரே வார்த்தையில் சொன்னால் தவறாகிவிடும் என்றால் அதையே சொல்லுங்கள். "வேறு காரணமும் இருக்கலாமே?" என்றால், இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டு, அது ஏன் குறைவாகப் பொருந்துகிறது என்று விளக்குங்கள். இந்தப் பிள்ளை பொய் சொல்கிறதா, குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தண்டனைச் சட்டத்தின் 84ஆவது பிரிவு (சித்த சுவாதீனம் இல்லாதவர் செய்தது குற்றமாகாது என்பது) பொருந்துமா போன்ற கேள்விகள் நீதிமன்றத்துக்கு உரியவை. செய்வது தவறு என்று தெரிந்துகொள்ளும் திறன் அவருக்கு எப்படி இருந்தது என்பதோடு உங்கள் பேச்சை நிறுத்துங்கள்.

சாட்சி முடிந்ததும் போகலாமா என்று கேட்டுவிட்டே இறங்குங்கள், திரும்பக் கூப்பிடலாம். வாசலில் நிற்கும் இரண்டு குடும்பத்துக்கும் வணக்கம் சொல்லலாம். யாரோடும் ஒட்டுக்கடைக்குப் போகாதீர்கள், யார் காரிலும் ஊர் திரும்பாதீர்கள். சோதனைத் தாள்களும் கைக்குறிப்புகளும் அடங்கிய கோப்பை மேல்முறையீடு எல்லாம் முடியும்வரை பூட்டி வையுங்கள்.