ஒரு ஸ்கீ கம்பு உடைந்தால் ஜோடியைத் தூக்கிப் போடாதீர்கள்

பனிச்சரிவில் சறுக்கும்போது ஊன்றும் கம்பு உடைந்தால் முதலில் பத்திரமாகக் கீழே வந்து சேருங்கள். மற்றதெல்லாம் அப்புறம். ஒற்றைக் கம்போடு இறங்க முடியுமா என்று பயப்பட வேண்டாம். புதிதாகக் கற்பவர்களுக்குப் பல இடங்களில் முதல் பாடமே கம்பு இல்லாமல்தான் நடக்கிறது. திரும்புவதும் நிறுத்துவதும் காலின் வேலை. கம்பு தாளத்துக்கும், சமதளத்தில் உந்திப் போகவும், விழுந்தால் ஊன்றி எழவும் உதவுகிறது. சரிவைக் குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் மிச்சமிருக்கும் கம்பை மேட்டுப் பக்கக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

உடைந்த துண்டுகளில் ஒன்றைக்கூட விட்டுவிட்டு வராதீர்கள். பின்னால் வருகிறவர் அதன் மேல் விழலாம். உங்களுக்கும் அந்தத் துண்டில் இருக்கும் முனையும், கம்பு பனிக்குள் புதையாமல் தடுக்கும் வட்டும் பிறகு தேவைப்படும். அலுமினியக் குழாய் உடைந்தால் அதன் விளிம்பு ஜாக்கெட்டைக் கிழித்து உள்ளே போகும் அளவுக்குக் கூர்மையாக இருக்கும். கார்பன் கம்பு என்றால் இன்னும் கவனம் வேண்டும். அது வளையாது, நாராகப் பிளந்துவிடும். சிலாம்பு விரலில் ஏறினால் ஊசி வைத்துத்தான் எடுக்க வேண்டும். கையுறையைக் கழற்றாமல் உடைந்த வாயைச் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள். நான் என் நல்ல கம்பின் பிடிக்குக் கீழே எப்போதும் துணி டேப் ஏழெட்டுச் சுற்று சுற்றியே வைத்திருக்கிறேன். அதற்கென்று பையில் தனி இடம் வேண்டாம், குளிரில் தேடவும் வேண்டாம்.

நான் இருப்பது டெல்லி மயூர் விஹாரில். குளிர்காலம் வந்தால் எங்கள் தமிழ் நண்பர்கள் கூட்டம் ஒன்று சறுக்குவதற்காகக் காஷ்மீரின் குல்மார்க் கிளம்பும். சாமான்களைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்பதால், உடைந்த கம்புகள் எல்லாம் கடைசியில் என் வீட்டு பால்கனிக்குத்தான் வந்து சேரும். போன பருவத்தில் ஆர்.கே. புரத்துத் தம்பி ஒருவன் குல்மார்க்கிலிருந்து போன் செய்தான்.

“அக்கா, கம்பு போயிடுச்சு. ஜோடியையே இங்க போட்டுட்டு வந்துடவா?”

“எந்த இடத்துல உடைஞ்சிருக்கு, அதைச் சொல்லுடா முதல்ல.”

“வட்டுக்குக் கொஞ்சம் மேல.”

“துண்டு எல்லாத்தையும் எடுத்துட்டு வா. நல்ல கம்பைப் பத்திரமா வை.”

ஸ்கீ கம்பு ஜோடியாகத்தான் விற்பனைக்கு வருகிறது. டெல்லியில் ஒற்றைக் கம்பு கேட்டுக் கடை கடையாக ஏறி இறங்கினால் நேரம்தான் போகும். ஆனால் உங்களிடம் ஒரு நல்ல கம்பு இருக்கிறது, அதற்குத் துணையாக இன்னொன்று கிடைத்தால் போதும். இன்னொரு விஷயம், கம்பு போய்விட்டது என்று கொண்டுவந்து கொடுப்பதில் பலவற்றில் குழாய் நன்றாகவே இருக்கும். முனை கழன்றிருக்கும், வட்டு போயிருக்கும், நீளம் மாற்றும் கம்பில் பூட்டு பிடிக்காது. இவை எல்லாமே வீட்டில் சரிசெய்யக் கூடியவை.

அன்றைக்குச் சறுக்க வேண்டுமே என்றால் வாடகைக் கடைதான். பயிற்சி நிறுவனத்தின் வகுப்பில் இருந்தால் பயிற்றுநரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். தனியார் கடையில், “ஒற்றைக் கம்பு இருக்கிறதா?” என்று கேளுங்கள். துணையை இழந்த கம்புகள் அவர்களிடமும் மூலையில் கிடக்கும், வாடகைக்கோ விலைக்கோ பேசிக்கொள்ளலாம். கையில் வாங்கியதும் தவறாமல் பார்க்க வேண்டியது குழாயின் கீழ்ப்பாதி. ஏற்கெனவே நசுங்கியோ வெட்டுப்பட்டோ இருந்தால் கடைக்காரர் முன்னாலேயே போட்டோ எடுத்து வையுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது அந்தத் தழும்புக்கு உங்களிடம் பணம் கேட்கக் கூடாது.

நீளத்துக்கு ஒரு கணக்கு உண்டு. உங்கள் உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து 0.7-ஆல் பெருக்கி, பக்கத்து 5-க்குக் கொண்டுவாருங்கள். 165 செ.மீ. உயரம் என்றால் 115, 170 என்றால் 120. கடையில் நின்று பார்ப்பதானால் கம்பைத் தலைகீழாக்கிப் பிடியைத் தரையில் ஊன்றி, வட்டுக்கு அடியில் கையைக் கொடுத்துப் பிடியுங்கள். முழங்கை செங்கோணமாக மடங்கினால் சரியான நீளம். வட்டுக்குக் கீழே இருக்கும் பகுதி பனிக்குள் போய்விடும் என்பதால்தான் இப்படித் தலைகீழாக அளப்பது. இது மலைச்சரிவில் இறங்குபவர்களுக்கான கணக்கு. சமவெளிப் பனியில் நெடுந்தூரம் போகும் பந்தயங்களுக்குக் கம்பு இதைவிட நன்றாகவே நீளமாக இருக்கும்.

ஒரு மாற்றுக் கம்பு 5 செ.மீ. கூடக்குறைய இருந்தால் அன்றைய தினத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். 2006 டூரின் ஒலிம்பிக்கில் கனடாவின் சாரா ரென்னருக்கு, சமவெளி ஸ்கீ வகையான மகளிர் குழு ஸ்பிரிண்ட் பந்தயத்தின் நடுவே கம்பு உடைந்தது. ஓரத்தில் நின்றிருந்த நார்வே பயிற்சியாளர் பியார்னர் ஹோக்கன்ஸ்மூன் தன் கையில் இருந்த கம்பை நீட்டிவிட்டார். அது ரென்னரின் கம்பைவிட 12 செ.மீ. நீளம். அதோடு ஓடி, ரென்னரும் பெக்கி ஸ்காட்டும் வெள்ளி வென்றார்கள். நார்வே நான்காவதாக வந்தது. அவசரத்துக்குக் கையில் கிடைத்த கம்பு போதும் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதை வைத்துத்தான். அந்தப் பயிற்சியாளர் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு நிறைகிறது.

சரி, டெல்லிக்கு வந்தாயிற்று. கம்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். 1958-இல் அமெரிக்காவின் சன் வேலியில் எட் ஸ்காட் கீழ்நோக்கிச் சிறுத்துவரும் அலுமினியக் கம்பைச் செய்தார். அதற்கு முன்பு பெரும்பாலும் மூங்கிலும் எஃகும்தான். இன்றைய கம்புகளும் அதே வாகுதான், கீழே போகப் போகக் குழாய் ஒல்லி. காலில் மாட்டும் ஸ்கீயின் எஃகு விளிம்பு வந்து இடிப்பதும் அந்த ஒல்லிப் பகுதியில்தான். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, நகத்தைக் குழாயைச் சுற்றி மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பெயின்ட் மட்டும் உரிந்திருந்தால் நகம் வழுக்கிக்கொண்டு போகும். உலோகத்திலேயே வெட்டு இருந்தால் நகம் மாட்டி நிற்கும். அலுமினியத்தில் அப்படி மாட்டும் இடம், அடுத்த முறை அழுத்தம் விழும்போது உடையப் போகும் இடம். கார்பனில் சின்ன வெட்டைக்கூட நம்பாதீர்கள். வெட்டுப்பட்ட இடத்தை விரல்களுக்கு நடுவே பிடித்து லேசாக அமுக்கினால் நறநறவென்று சத்தம் கேட்கும், அல்லது குழாய் இளகிக் கொடுக்கும். இரண்டில் எது நடந்தாலும் அந்தக் குழாய் முடிந்தது.

வளைந்த அலுமினியக் கம்பை மொசைக் தரையில் உருட்டுங்கள், எங்கே எழும்புகிறது என்று தெரியும். நீளமான மெல்லிய வளைவு என்றால் இரண்டு மரக்கட்டைகள் மேல் வைத்து உள்ளங்கையால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி நிமிர்த்தலாம். முழுக்க நேராக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள், முக்கால்வாசி நிமிர்ந்தால் போதும். முன்னும் பின்னும் மாற்றி மாற்றி வளைத்தால் உலோகம் களைத்து விண்டுவிடும். ஒரே இடத்தில் மடிந்து குழாய் சப்பையாகியிருந்தால் அதை நிமிர்த்தவே வேண்டாம். தீயிலும் காட்டாதீர்கள். நல்ல கம்புகளின் அலுமினியம் 7000 வரிசைக் கலவை, சூட்டுப் பதம் கொடுத்து வலுவாக்கியது. மறுபடி சூடு பட்டால் அந்தப் பதம் போய்விடும். “வெல்டிங் வெச்சுடலாம் மேடம்” என்று பட்டறையில் நம்பிக்கையாகச் சொல்வார்கள். நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

முனை மாற்றுவது எனக்குப் பிடித்த வேலை. பழைய டப்பாவில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, கம்பின் நுனியை மட்டும் இரண்டு மூன்று நிமிடம் முக்கி வையுங்கள். பிளாஸ்டிக் முனை சற்று இளகும், உள்ளே பசை இருந்தால் அதுவும் இளகும். துணி சுற்றிப் பிளையரால் பிடித்துத் திருகியபடி இழுத்தால் பொளக்கென்று கழன்று வரும். குழாயின் நுனி விட்டத்தை வெர்னியரில் அளந்து குறித்துக்கொண்டு, அந்த அளவுக்கு முனை தேடுங்கள். புதியதை மாட்டி, தலைகீழாக மரப்பலகை மேல் வைத்து இரண்டு தட்டுத் தட்டினால் இறுகிவிடும். ஆடினால் ஹாட் குளூ போடுங்கள். ஆரால்டைட் போட்டுவிட்டால் அடுத்த தடவை முனை தேயும்போது கழற்றவே முடியாது.

வட்டு தொலைந்தால் அதே மாடலின் வட்டுதான் பொருந்தும், திருகு வகையா அழுத்தி மாட்டும் வகையா என்று பார்த்து வாங்குங்கள். குல்மார்க் மேல்பகுதியில் புதுப்பனி ஆழமாக விழும் என்பதால் அங்கே அகலமான வட்டு வேண்டும். வட்டே இல்லாத கம்பு அங்கே பிடிவரை உள்ளே போய்விடும். அன்றைய பொழுதை ஓட்ட, பெயின்ட் டப்பாவின் கெட்டியான மூடியை வட்டமாக வெட்டி, நடுவில் துளை போட்டுச் செருகி, மேலும் கீழும் டேப்பை மோதிரமாகச் சுற்றி நிறுத்துங்கள்.

நீளம் மாற்றும் கம்பு வழுக்கிக்கொண்டே போகிறதா? நெம்புகோல் பூட்டு என்றால் அதன் திருகாணியைக் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள், போதும். திருகிப் பூட்டும் வகை என்றால் உள்ளே ஈரமோ ஐஸோ அழுக்கோ இருக்கிறது என்று அர்த்தம். முழுக்கப் பிரித்துத் துடைத்துக் காய வையுங்கள். எண்ணெய் ஒரு சொட்டுக்கூடக் கூடாது, அந்தப் பூட்டு உராய்வில்தான் நிற்கிறது. விரியும் பிளாஸ்டிக் வழவழவென்று தேய்ந்திருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கலாம். பயணத்தில் இருக்கும்போதும் ராத்திரி அறைக்கு வந்ததும் பிரித்து வைத்துவிட்டுத்தான் சாப்பிடப் போக வேண்டும்.

குழாயே உடைந்தது என்றால் எங்கே உடைந்தது என்பதைப் பொறுத்துத்தான் முடிவு. பிடிக்குப் பக்கத்தில் உடைந்திருந்தால் சந்தோஷப்படுங்கள். சப்பையான பகுதியைக் குழாய் கட்டரால் நேராக வெட்டி, பிடியை வெந்நீரில் இளக்கிக் கழற்றி, புது வாயில் மாட்டினால் குழந்தைக்கு அருமையான கம்பு. துணைக் கம்பையும் அதே அளவுக்கு மேல்பக்கம் வெட்டிவிடுங்கள். கார்பனை வெட்டுவதானால் வெட்டும் இடத்தில் டேப் சுற்றி, ஈரப்படுத்தி, மாஸ்க் போட்டுக்கொண்டு, நுண்பல் ரம்பத்தால் வெட்டுங்கள். அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது.

நடுவிலோ கீழேயோ உடைந்ததை ஒட்டுப் போடலாம், நடைக்கு ஆகும். வேகமாகச் சறுக்க நான் கொடுக்க மாட்டேன். உள்ளே இறுக்கமாகப் போகும் 15 செ.மீ. அலுமினியக் குழாய் ஒன்று வேண்டும். மெட்ரோவில் போய் ராஜீவ் சௌக்கில் மஞ்சள் பாதைக்கு மாறி சாவ்ரி பஜாரில் இறங்கினால் இரும்புச் சாமான் கடைகளில் உடைந்த கம்பையே காட்டிக் குழாய் கேட்கலாம். அங்கிருந்து இரண்டாவது ஸ்டேஷன் காஷ்மீரி கேட். அங்கே வண்டி உதிரிபாகக் கடைகளில், குழாயைச் சுற்றி இறுக்கும் உலோக வளையமான ஹோஸ் கிளாம்ப் கிடைக்கும். கார்பன் குழாய் வேண்டுமானால் ட்ரோன் கட்டுபவர்களுக்குச் சாமான் விற்பவர்களிடம் பல விட்டங்களில் இருக்கிறது. உள்குழாயை உப்புத்தாளால் தேய்த்து, மெதுவாக இறுகும் ஆரால்டைட் தடவி, இரண்டு பக்கமும் பாதிப் பாதி போகும்படி செருகி ஒரு முழு நாள் தொடாமல் விட வேண்டும். இதே ஒட்டை மலையிலேயே போட வேண்டி வந்தால் கூடாரத்து முளையை வெளியே வைத்து, இரண்டு ஹோஸ் கிளாம்ப் இறுக்கி, மேலே டேப் சுற்றினால் விடுதி வரை வரும்.

புதிதாகவே வாங்குவதானால், டெல்லியில் சுலபமாகக் கிடைப்பது மலையேற்றக் கம்பு. டெக்காத்லானில் உண்டு. நெம்புகோல் பூட்டு, அலுமினியம், அகலமான பனி வட்டு மாட்டும் வசதி மூன்றும் இருந்தால் புதிதாகக் கற்பவருக்கும், ஏறி இறங்கும் பயணக்காரருக்கும் தாராளமாகப் போதும். வேகமாக விழுகிறவர்களுக்கு அதன் குழாய் தாங்காது. பெனிட்டோ ஹுவாரெஸ் சாலையில் இருக்கும் இந்திய மலையேற்ற அறக்கட்டளை வளாகத்துக்கு மலை ஏறுகிறவர்கள் வந்து போவார்கள். பழைய சாமான் கைமாற்ற நினைப்பவர் யாராவது இருக்கிறார்களா என்று அங்கே பேச்சுக் கொடுத்துப் பார்ப்பது நல்லது.

நமக்கு இன்னொரு வசதி, டொரண்டோவிலோ சூரிச்சிலோ யாராவது சித்தப்பா, மாமி இருப்பார்கள். மார்ச், ஏப்ரலில் பருவம் முடியும்போது அங்கே தள்ளுபடி போடுவார்கள். “ஸ்கீ கம்பு வாங்கிட்டு வாங்க” என்று மட்டும் சொன்னால் 120 செ.மீ. நீளக் கம்பைத் தூக்கிக்கொண்டு விமான நிலையத்தில் அவர்கள் அல்லாட வேண்டும். மூன்று துண்டாகச் சுருங்கும் அலுமினியக் கம்பு, நெம்புகோல் பூட்டு, 100 முதல் 130 வரை நீளம் மாற்றக்கூடியது, பெரிய வட்டு ஒரு ஜோடி கூடுதலாக, உதிரி முனை இரண்டு என்று எழுதியே அனுப்புங்கள். சுருக்கினால் பெரிய பெட்டிக்குள் குறுக்கே வைத்துவிடலாம். செக்-இன் பெட்டியில்தான் வர வேண்டும், கேபினுக்குள் விடமாட்டார்கள். டெல்லியிலிருந்து ஸ்ரீநகர் போகும்போதும் அப்படித்தான். முனைகளுக்கு ரப்பர் மூடி போட்டு, இரண்டையும் எதிரும் புதிருமாக வைத்து வெல்க்ரோவால் இரண்டு இடத்தில் கட்டி, கனமான பூட்ஸ் குழாயின் மேல் வராதபடி துணிகளுக்கு நடுவில் வையுங்கள்.