சதுப்பு நிலத்தில் ஒரு நாள்: குழந்தைகளோடு போய் பறவை, விலங்கு பார்ப்பது எப்படி?

மிருகக்காட்சி சாலைக்குப் போவதுபோல் கிளம்பிப் போனால் சதுப்பு நிலம் ஏமாற்றிவிடும். கிலோமீட்டர் கணக்கில் நடந்தும் சேறும் நாணலும்தான் கண்ணில் படும். அதிகம் நடக்காமல், நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிடுபவர்களுக்குத்தான் அங்கே நிறைய தெரியும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தக் கணக்கில் போட்டவைதான்.

படி 1: தண்ணீரைப் பார்த்து நாள் குறியுங்கள்

மழை முடிந்து எங்கும் வெள்ளமாக நிற்கும்போது மீன்களும் பறவைகளும் நாலா பக்கமும் சிதறிவிடும். தண்ணீர் வற்ற வற்ற, மிச்சமிருக்கும் குட்டைகளில் மீன்கள் நெருக்கியடிக்கும். அவற்றைத் தின்ன வருபவையும் அங்கேயே கூடும். அமெரிக்காவின் எவர்கிளேட்ஸில் டிசம்பரிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரையுள்ள வறண்ட காலத்தை எல்லோரும் தேர்ந்தெடுப்பதற்கு இதுதான் முக்கியக் காரணம். கொசுவும் அப்போது குறைவு.

சுந்தரவனம் மாதிரியான அலையாத்திக் காடு என்றால் மாதத்தைவிட ஓதம் (கடல் நீர் ஏறி இறங்குவது) முக்கியம். பெரும்பாலான கடற்கரைகளில் நீர் முழுதாக ஏறி நின்றதிலிருந்து முழுதாக இறங்கி முடிய ஏறக்குறைய 6 மணி நேரம் ஆகும். நீர் இறங்கும் நேரத்தில் போங்கள். அப்போதுதான் சேற்றுத் திட்டுகள் வெளியே தெரியும், சேற்றில் துள்ளும் மீன்களும் ஒற்றைக் கொடுக்கு பெருத்த நண்டுகளும் வெளியே வரும். ஓத நேர அட்டவணை இணையத்திலேயே கிடைக்கும்.

படி 2: பைனாகுலரை வீட்டிலேயே பழகுங்கள்

புதிதாக வாங்குவதாக இருந்தால் 8x42 போதும். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. 42 என்பது முன் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். பெரிய எண்ணைப் பார்த்து 12 மடங்கு வாங்காதீர்கள், கை நடுக்கமும் சேர்ந்தே பெரிதாகும்.

சரிசெய்வது இப்படி: வலது கண்ணாடியை மூடிவிட்டு, இடது கண்ணால் பார்த்தபடி நடுச் சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். அப்புறம் இடது பக்கத்தை மூடிவிட்டு, வலது கண் அருகே உள்ள வளையத்தை மட்டும் திருப்புங்கள் (பெரும்பாலான பைனாகுலர்களில் அது வலப்பக்கம்தான் இருக்கும்). மூக்குக் கண்ணாடி போட்டவர்கள் கண் வைக்கும் ரப்பரை உள்ளே தள்ளிவிட வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் சொல்லிக்கொடுங்கள். பறவையை முதலில் வெறுங்கண்ணால் பிடித்து, பார்வையை எடுக்காமலே பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். இது கைவந்தால் "எங்கே? எங்கே?" பாதியாகக் குறையும். மீதிப் பாதிக்குக் கடிகாரம் உதவும்: மரத்தைக் கடிகார முகமாக வைத்துக்கொண்டு, "அந்த மொட்டை மரம், இரண்டு மணிப் பக்கம்" என்று சொல்லப் பழக்குங்கள்.

படி 3: உடை, பை

வெளிர் நிறத்தில் முழுக்கை, முழுக்கால் சட்டை. மூடிய காலணி, செருப்பு சேற்றோடு போய்விடும். மாற்று சாக்ஸ், குடிநீர், மூடி இறுகிய டப்பாவில் சாப்பாடு. வெயிலுக்கான கிரீமை முதலில் தடவி, அது காய்ந்த பிறகு கொசு விரட்டி தடவுங்கள். சின்னக் குழந்தைகளின் கைகளில் விரட்டி வேண்டாம், கை வாய்க்குப் போகும்.

படி 4: காலையில் பறவை, வெயில் ஏறியதும் ஊர்வன

சூரியன் உதித்த முதல் இரண்டு மூன்று மணி நேரம் பறவைகளுக்கு. ஆமையும் முதலையும் உடம்பைச் சூடாக்க வெயிலை நம்பியிருப்பவை. அதனால் வெயில் ஏறியபின் கரையிலும் கட்டைகளிலும் தேடுங்கள். நண்பகலில் எல்லாமே அடங்கிவிடும். சாப்பாட்டுக்கு அதுதான் நேரம்.

மரப்பலகைப் பாதையின் வளைவோ, திறந்த நீர் தெரியும் மேடையோ கிடைத்தால் அங்கே இருபது நிமிடமாவது உட்காருங்கள். உங்களைப் பார்த்து அடங்கிய தவளைகளும் பூச்சிகளும் மறுபடி சத்தம் போட ஆரம்பித்தால் நல்ல அறிகுறி. குழந்தைகள் சும்மா உட்கார மாட்டார்கள், அதனால் தேட வேலை கொடுங்கள். தண்ணீருக்கு மேலே கழுத்து மட்டும் தெரிந்தால் பாம்பா, பாம்புத்தாராவா? பாம்புத்தாராவின் இறகு தண்ணீரை ஊறவிடும். எளிதாக மூழ்க அது உதவுகிறது, ஆனால் மேலே வந்ததும் இறக்கையை விரித்துக் காயவைத்தாக வேண்டும். அந்தக் காட்சியை எந்தக் குழந்தையும் தவறவிடாது. மிதக்கும் இலைமேல் நடப்பது இலைக்கோழி. நீண்ட விரல்கள் அதன் எடையைப் பரப்பிவிடுகின்றன. பெரும்பாலான இலைக்கோழி இனங்களில் அடைகாப்பது அப்பா என்று சொல்லிப் பாருங்கள், கேள்விகள் கொட்டும்.

"அழுகின முட்டை நாத்தம்" என்று யாராவது மூக்கைப் பிடிப்பார்கள். காற்றுப் புகாத சேற்றில் வாழும் பாக்டீரியா வெளியிடும் வாயு அது. அந்த இடத்தில் அது இயல்பானதுதான்.

படி 5: இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்

முதலை இருக்கும் இடத்தில் நீரோரம் நிற்கக் கூடாது, பாலத்தில் காலைத் தொங்கவிடக் கூடாது. முதலை கண்ணில் படவில்லை என்பதால் அங்கே இல்லை என்று ஆகிவிடாது. எந்த விலங்குக்கும் சாப்பாடு போடாதீர்கள். மனிதரைக் கண்டால் உணவு என்று பழகிய முதலை அடுத்து வருபவருக்கு ஆபத்து. நாயை வீட்டில் விட்டுவிடுங்கள். படகில் ஏறினால் கரையிலேயே லைஃப் ஜாக்கெட் போட்டுவிட வேண்டும், நல்ல நீச்சல் தெரிந்தவர்கள் உட்பட.

அட்டை கடித்தால் உப்பு, நெருப்பு எதுவும் வேண்டாம். நகத்தால் அதன் வாய்ப்பக்கத்தை ஓரமாக நெம்பி எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கொஞ்ச நேரம் ரத்தம் கசியும், பயப்பட வேண்டாம்.

படி 6: திரும்பும்போது

பிள்ளைகள் சிணுங்க ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே கிளம்புங்கள். அந்தி கொசுக்களின் நேரம் வேறு. காரில் ஏறுமுன் காலணிகளின் அடிப்பக்கத்தைத் தேய்த்துக் கழுவி, வீட்டில் நன்றாகக் காயவையுங்கள். சேற்றில் ஒட்டிய விதைகளும் நத்தை முட்டைகளும் அடுத்த முறை நீங்கள் போகும் வேறொரு நீர்நிலைக்குப் பரவாமல் இருக்க அது உதவும்.