பதினேழாயிரம் பெரிதா, பதிமூன்றாயிரம் பெரிதா? நர்சிங் உதவியாளர்கள் சம்பளம் பேசும்போது செய்யும் தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்துக் குழித்துறை ரயில் நிலையத்தில் காலை வண்டிக்கு நிற்கும் பெண்களில் சிலர் வெள்ளைக் கோட்டை மடித்துப் பையில் வைத்திருப்பார்கள். ஒருத்தி பாறசாலையில் இறங்குவாள், இன்னொருத்தி நெய்யாற்றின்கரையில், மற்றவர்கள் திருவனந்தபுரத்தில். புதிதாகப் படிப்பை முடித்தவள் கேட்கும் முதல் கேள்வி, "அக்கா, அங்கே எவ்வளவு தருகிறார்கள்?" என்பதுதான். பதிலாக ஓர் எண் வரும். அந்த எண்ணை மட்டும் நம்பி வேலை மாறியவர்களில் நானும் ஒருத்தி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாகர்கோவிலில் 13,000 ரூபாய், 8 மணி நேர டூட்டி, மாதம் 26 நாள். மொத்தம் 208 மணி நேரம், மணிக்கு 62 ரூபாய் 50 காசு. எல்லைக்கு அப்பால் கேரளத்தில் 17,000 ரூபாய், அதே 26 நாள், ஆனால் 12 மணி நேர டூட்டி. 312 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்குச் சுமார் 54 ரூபாய் 50 காசுதான். சீசன் டிக்கெட்டும் ஸ்டேஷனிலிருந்து மருத்துவமனைக்கு ஆட்டோவும் இதில் சேரவில்லை. நைட் முடிந்து வெளியே வரும் நேரத்துக்கு வண்டி இல்லாமல் நடைமேடையில் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு யாரும் காசு தருவதில்லை. அங்கேயே ஹாஸ்டலில் தங்கினால் அறை வாடகையும் மெஸ் கட்டணமும் சம்பளத்தில் பிடிக்கப்படுமா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். சம்பளம் எவ்வளவு என்பதற்கு முன்னால் எத்தனை மணி நேரம், மாதம் எத்தனை ஆஃப், எத்தனை நைட் என்று கேளுங்கள்.

"கேரளத்தில் எல்லோருக்கும் 20,000" என்ற பேச்சு எல்லை ஊரான களியக்காவிளையைத் தாண்டி இங்கு வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. தனியார் மருத்துவமனை நர்சுகளுக்கு 20,000 ரூபாய் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் என்று கேரள அரசு 2018-இல் அறிவித்தது உண்மை. ஆனால் அது பதிவு பெற்ற நர்சுகளை வைத்துப் பேசப்பட்ட தொகை. ஒரு வருட நர்சிங் உதவியாளர் சான்றிதழை வைத்துக்கொண்டு அந்த எண்ணை எதிர்பார்த்துப் போவதும், இணையத்தில் நர்ஸ் சம்பளம் என்று தேடி மலைப்பதும் வீண். இரண்டு வருட ஏ.என்.எம்., மூன்று வருட ஜி.என்.எம்., நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங் ஆகிய படிப்புகளுக்குத்தான் நர்சிங் கவுன்சில் பதிவு. மார்த்தாண்டம் பக்கம் கடைவீதி மாடிகளில் பலகை வைத்திருக்கும் பயிற்சி நிலையங்களில் சேரும் முன், அந்தச் சான்றிதழை எந்தெந்த வேலைக்கு ஏற்பார்கள் என்று கேட்காமல் கட்டணம் கட்ட வேண்டாம். அரசு வேலை விளம்பரங்களில் எங்கே படித்த சான்றிதழ் செல்லும் என்பது தனியாகவே எழுதியிருக்கும்.

அரசு வேலையிலும் ஒரு குழப்பம் உண்டு. நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரே வார்டில் நிற்கும் இரண்டு பேரின் சம்பளம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நிரந்தரப் பணியிடம் என்றால் ஊதிய நிலை 1, தொடக்கம் 15,700 ரூபாய், அதன்மேல் அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும். தொகுப்பூதியம் என்று போட்டிருந்தால் அந்தத் தொகையோடு சரி. "கவர்மென்ட் வேலை" என்று பெண் பார்க்க வருபவர்களிடம் சொல்ல நன்றாக இருக்கும். ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கு என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

அடுத்தது பிடித்தம். 13,000 முழுவதற்கும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கிட்டால் உங்கள் பங்கு 12 சதவீதம், அதாவது 1,560 ரூபாய். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) 0.75 சதவீதம், 98 ரூபாய். கையில் வருவது 11,342. இதைப் பார்த்துவிட்டு "பிடித்தமே இல்லாத இடம்" என்று தேடிப்போகும் பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். நீங்கள் 1,560 கட்டினால் நிர்வாகமும் அதே அளவு கட்ட வேண்டும். 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவர்களுக்கான இ.எஸ்.ஐ.யில், தேவையான நாட்கள் சந்தா கட்டியிருந்தால் பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம் கிடைக்கும். கல்யாணம் நிச்சயமாகும் வயதில் 98 ரூபாயை மிச்சம் பிடித்து அதை விடுவானேன்? ஆனால் நிர்வாகத்தின் பங்கையும் சேர்த்துப் பெரிய தொகையாகச் சொல்லி ஆள் எடுக்கும் இடங்களும் உண்டு. "கையில் எவ்வளவு வரும்?" என்று கேட்டுச் சம்பளச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். சீட்டே தராத இடத்தில் பி.எஃப். பிடித்தாலும் அது கணக்கில் ஏறுகிறதா என்று பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பார்க்க வேண்டும்.

ஹோம் நர்ஸ் வேலைக்குத் தொகை பெரிதாகத் தெரியும். சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். பக்கத்தில் போய்ப் பார்த்தால் 24 மணி நேரமும் டூட்டி. படுத்த படுக்கையான அம்மச்சியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்ற வேண்டும், இடையில் மருமகள் வந்து, "மோளே, அந்த மீனை ஒன்று வெட்டிவிடு" என்பாள். வீட்டார் ஏஜென்சிக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள், கமிஷன் ஒருமுறையா மாதந்தோறுமா, நோயாளி பத்தாம் நாளில் இறந்துவிட்டால் கணக்கு எப்படி என்பதெல்லாம் எழுத்தில் இல்லாவிட்டால் பிறகு பேச முடியாது. துக்க வீட்டில் நின்று சம்பளம் கேட்க யாருக்கு வாய் வரும்?

வெளிநாட்டைப் பற்றி இரண்டே வார்த்தை. விசாவில் வீட்டுப் பணிப்பெண் என்று இருந்தால், அங்கே போன பின் நர்சிங் உதவியாளர் சம்பளம் கேட்க முடியாது. பிரிட்டனுக்கு கேர் விசா, அதாவது பராமரிப்பு வேலைக்கான விசா என்று இன்னும் யாராவது பணம் கேட்டால், வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்கும் அந்த வழி 2025 ஜூலை 22-இல் மூடப்பட்டுவிட்டது.

என் முதல் வேலை நாகர்கோவிலில் ஒரு சிறிய மருத்துவமனையில். 8 மணி நேரம் என்றுதான் சேர்த்தார்கள். அடுத்த டூட்டிக்கு வரவேண்டியவள் வராத நாளில், "நீயே பார்த்துக்கொள், பிறகு ஆஃப் தருகிறோம்" என்பார்கள். அந்த ஆஃப் வரவே இல்லை. கூடுதல் நேரத்துக்குச் சட்டப்படி இரட்டிப்புக் கூலி என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு கேட்டேன். எந்தெந்த நாள் என்றார்கள். என்னிடம் குறிப்பு இல்லை. போதாக்குறைக்கு அசல் சான்றிதழ்கள் அவர்கள் பீரோவில் இருந்தன, அவற்றை வாங்கவே நான்கு மாதம் நடந்தேன். இப்போது என் கோட்டுப் பையில் தெர்மாமீட்டரோடு ஒரு குட்டி நோட்டும் இருக்கிறது. வந்த நேரம், போன நேரம், யாருக்குப் பதில் நின்றேன் என்று தினமும் எழுதுகிறேன். சான்றிதழ் என்று கேட்டால் நகல்தான் கொடுப்பேன்.