கர்ப்பிணிங்க இருக்கற வீட்ட ஹெல்த் டேட்டா ஆராய்ச்சிக்கு எப்படி கூப்பிடறது?

மொதல்ல எதிக்ஸ் கமிட்டி (ஆராய்ச்சி நெறிமுறைப்படி நடக்குதான்னு பாக்கற குழு) அனுமதி, அது கைக்கு வராம எந்த வீட்லயும் பேச்சே எடுக்கக்கூடாது. அப்புறம் அந்த ஊர் கிராம சுகாதார செவிலியர கூட்டிட்டு போங்க, பிக்மி நம்பர் (கர்ப்பத்த அரசாங்கத்துல பதிவு பண்ற நம்பர்) போட்டதுல இருந்து கர்ப்பிணிய அவங்கதான் பாத்துக்கறாங்க, அவங்க கூட வந்தாதான் திண்ணைல உக்காந்து நிதானமா பேச முடியும். ஆனா சம்மதம் கேக்கற வேலைய அவங்க தலைல கட்டாதீங்க, நர்சம்மா கேட்டா மாட்டேன்னு சொல்ல தயங்குவாங்கல்ல.

மாமியார், வீட்டுக்காரர் எல்லாரையும் வச்சே வெளக்குங்க, முடிவு மட்டும் அந்த பொண்ணோடது. எந்த ரெக்கார்ட எடுப்பீங்க, யார் பாப்பாங்கன்னு பேச்சுத்தமிழ்லயே சொல்லுங்க. சேரலைன்னாலும் கர்ப்பிணிகளுக்கு அரசாங்கம் குடுக்கற முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல வர்ற 18,000 ரூபா உதவி நிக்காது, பாதில வெலகினாலும் செக்கப்ல எந்த மாத்தமும் இருக்காதுன்னு ரெண்டு தடவ அழுத்தி சொல்லணும், ஏன்னா பணம் போயிடுமோங்கற பயத்துலயே தலையாட்டினா அது சம்மதமே இல்ல. படிக்க தெரியாதவங்கன்னா ஆராய்ச்சிக்கு சம்பந்தமில்லாத ஒரு சாட்சிய வச்சு படிச்சு காட்டிட்டு கைரேகை வாங்கணும். யோசிக்க டைம் குடுங்க.

வளைகாப்பு முடிஞ்சா அம்மா வீட்டுக்கு போயிடுவாங்க, அதனால அந்த அட்ரஸ், ஃபோன் நம்பரையும் அன்னிக்கே கேட்டு எழுதிக்கோங்க.